எந்த ஷெட்யூல்?

விஜயகுமாரிக்கு மெதுவாகப் பேச வராது. ஐஸ் ஃபேக்டரி வாசலில் நின்று அவள் "ஏய், டிங்கியை நகர்த்து" என்றால், படகுக்காரன் மட்டுமல்ல, பக்கத்து டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருப்பவனும் எழுந்து பெஞ்சை நகர்த்துவான். ஹட் பேயில் அவளுக்குக் கப்பல் சங்கு என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

பிறந்தது இதே தீவில், செம்பனைத் தோட்டத்து லயத்தில். அப்பா நாகலிங்கம் இலங்கை மலைநாட்டில் பிறந்து, பிள்ளை வயதில் கப்பலேறி இந்தியா வந்து, மறுபடி கப்பலேறி இங்கே வந்து பனங்குலை சுமந்தவர். மகளும் குமரியானதும் அதே குலையைத்தான் சுமந்தாள். அப்புறம் தோட்டத்தை மூடிவிட்டார்கள். ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, எட்டாம் கிலோமீட்டரில் ஐஸ் ஃபேக்டரி போட்ட பாலசுப்பிரமணியத்திடம் போய், "எனக்கு ஒரு வேலை குடுங்க, எம்புருஷனுக்கு ஒரு வேலை குடுங்க" என்று நின்றவள் இவள்தான். முதலாளிக்கு வீடு போர்ட் பிளேரில், டாலிகஞ்சில். அங்கிருந்து அவர் முதலாளியாக இருக்கிறார். இங்கே ஐஸ் விற்பது, போன் எடுப்பது, சாமான் வரவழைப்பது, சண்டை போடுவது எல்லாம் விஜயகுமாரி.

புருஷன் தம்பையா கம்ப்ரஸர் ஆபரேட்டர். அவள் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டான். நாள் முழுக்க அந்த மிஷின் இரைச்சலில் இருந்து காது பாதி மந்தமாகிவிட்டது. மிச்சப் பாதியைக் காப்பாற்றப் பஞ்சு அடைத்துக்கொள்வான். மிஷின் ரூமுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். விரலிரண்டைக் குவித்து இவ்வளவூண்டு என்று காட்டினால் டீ. கையைக் குப்புற விரித்தால் சாப்பாடு. வீட்டில் எது கேட்டாலும் அவன் சொல்வது ஒன்றே ஒன்று: "நீ சொன்னா சரி." குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாலும் அதுதான் பதில். "வாயில வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்!" என்று அவள் கத்துவாள். "நீ சொன்னா சரி புள்ள" என்பான். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

அந்த வருஷம் மழை ஓய்ந்து படகுகள் கடலுக்குக் கிளம்புகிற நேரத்தில், கேஸ் டேங்கிலிருந்து வெளியே வருகிற ஒரு இஞ்சிப் பைப் உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தது. கேஸ் என்றால் சமையல் கேஸ் இல்லை; அமோனியா. ஐஸ் உறைவது அதனால்தான். ஆளைக் கொல்வதும் அதுதான். கண்ணில் பட்டால் கண் போகும், நெஞ்சுக்குள் போனால் நெஞ்சு வெந்துவிடும். அந்தப் பைப்பை மாற்றாமல் மிஷினை ஓட்டமாட்டேன் என்று தம்பையா வால்வை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"போர்ட் பிளேருக்குப் போன் போட்டுச் சொல்லு புள்ள. மொத்தமா இருக்கணும். ஷெட்யூலும் சொல்லிடு" என்றான்.

இவ்வளவுதான் சொன்னான். இன்னும் ஒரே ஒரு சொல்லைச் செலவு பண்ணியிருந்தால், எண்பது என்கிற ஒரு சொல், இந்தக் கதையே இல்லை.

பைப்பின் சுவர் கனத்துக்கு ஷெட்யூல் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் நம் தீவுப் பக்கம் வந்ததே இல்லை. ஷெட்யூல் நாற்பது, ஷெட்யூல் எண்பது என்று இரும்புப் பைப்புக்கு ரகம் உண்டு. எண் ஏற ஏறச் சுவர் கனக்கும். அதிலும் ஒரு குறும்பு பாருங்கள்: கனம் வெளிப்பக்கம் ஏறாது. ஒரு இஞ்சிப் பைப் எந்த ஷெட்யூலானாலும் வெளிச்சுற்று ஒன்றுதான். கனமெல்லாம் உள்பக்கமாக வளர்ந்து ஓட்டையைச் சுருக்கும். வாயை மூடி, கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் எது கனம், எது லேசு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பைப் வியாபாரிக்கு இது பாலபாடம். தீவுக்காரனுக்கோ ஷெட்யூல் என்றால் ஒரே அர்த்தம்: கப்பல் என்றைக்குப் புறப்படுகிறது என்பது. பெண் பார்க்கப் போவதானாலும், பிரசவத்துக்குப் போவதானாலும் முதலில் "ஷெட்யூல் வந்துடுச்சா?" என்றுதான் கேட்போம். விஜயகுமாரியும் தீவில் பிறந்தவள்தானே!

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் பைப் கடை வைத்திருக்கிற ஸ்ரீதருக்குப் போன் போட்டாள். அவன் சென்னைப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவன்.

"தம்பி, ஹட் பே ஐஸ் ஃபேக்டரி. ஒரு இஞ்சி பைப்பு வேணும். மொத்தமா ரெண்டு லெங்த்து."

"சரிக்கா, மொத்தம் ரெண்டு. எந்த ஷெட்யூல்?"

"இது என்னா கேள்வி? நாளைக்கு ஷெட்யூல்லயே ஏத்தி வுடுங்க. போட்டுக்காரங்க ஐஸ் ஐஸ்னு என் உசுர வாங்குறாங்க."

ஸ்ரீதர் சிரித்தான். "நாளைக்கே ஏத்திடறேன்க்கா. மரை வெட்டி, பெயின்ட் அடிச்சு, மூடி போட்டு அனுப்பட்டா?"

"எல்லாம் போட்டே அனுப்புங்க. ஜல்தி!"

இதில் யாரைக் குறை சொல்வது? இந்தப் புருஷன் பெண்டாட்டி பேசுகிற மலைநாட்டுத் தமிழில் மொத்தம் என்றால் தடிப்பு. கயிறு மொத்தம், கம்பளி மொத்தம் என்பார்கள். ஸ்ரீதருக்கு மொத்தம் என்றால் கூட்டுத்தொகை. அவள் தடித்த பைப் கேட்டாள். அவன் ஆக மொத்தம் இரண்டு என்று எடுத்துக்கொண்டான். அவன் சுவர் கனத்தைக் கேட்டான். அவள் கப்பலைச் சொன்னாள். ஷெட்யூலே தெரியாத ஆள் கேட்பது தண்ணீர்ப் பைப்பாகத்தான் இருக்கும், ஐஸ் ஃபேக்டரி என்றால் தண்ணீர்தானே என்று, இருப்பதிலேயே லேசான ரகத்தைத் திருப்தியோடு கட்டி அனுப்பிவிட்டான். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனை வைத்தார்கள்.

பைப் வந்தது. ஃபிட்டர் நாகராஜ் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "என்னக்கா, பூ மாதிரி தூக்கிட்டேன்! லேசா இருக்கே" என்றான்.

"காலைல நல்லாக் கொட்டிக்கிட்டு வந்திருப்ப. போ, போயி மாட்டு" என்றாள் அவள். அவனும் சிரித்துக்கொண்டே போய் மாட்டினான்.

தம்பையா அவளைப் பார்த்து, "ஷெட்யூல் சொன்னியா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"அதெல்லாம் சொல்லாமலா?"

"நீ சொன்னா சரி."

சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. கசிவு வேறு, கனம் வேறு என்று அந்த நுரைக்குத் தெரியுமா?

மறுநாள் காலையில் மிஷினைப் போடுவதாக ஏற்பாடு. அன்றைக்குக் கப்பலும் வந்தது. மிஷினுக்கு ஒரு ஸ்பேர் பெல்ட் பார்சல் வர வேண்டியிருந்ததால் விஜயகுமாரி ஜெட்டிக்குப் போயிருந்தாள். கூட்டத்தில் மூட்டையோடு மூட்டையாக இடிபட்டு இறங்கியது யாரென்று பார்த்தால் ஸ்ரீதர். இங்கே ஏதோ கட்டட வேலைக்குச் சாமான் கொண்டுவந்திருந்தான். பெல்ட் பார்சல் அவன் கையிலேயே இருந்தது.

"என்னக்கா, தண்ணி நல்லா வருதா?"

"எந்தத் தண்ணி?"

"ரெண்டு லெங்த் பைப் அனுப்பினேனே."

"அது தண்ணிக்கு இல்ல தம்பி. கேஸ் லைனுக்கு. அமோனியா."

ஸ்ரீதரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "அக்கா, விளையாடாதீங்க. அது தண்ணி பைப்க்கா. லேசுலயும் லேசு. நான் ஷெட்யூல் கேட்டேனே?"

"கேட்டீங்க. நாளைக்குன்னு சொன்னேன்."

ஸ்ரீதர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, பைப் ஷெட்யூல்க்கா! சுவர் கனம்! அதுல மரை வேற வெட்டிக் குடுத்திருக்கேன். மரை வெட்டின எடத்துல பாதிகூட மிஞ்சாது. மிஷின் ஆட்டம் குடுத்தா கழுத்துலயே உடையும். ஓட்டிட்டீங்களா?"

மிஷினை இந்நேரம் போட்டிருப்பான். போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தம்பையா சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். போன் அந்தச் சட்டைப் பையில் இருக்கும். நாகராஜுக்கு அடித்தாள். அவன் டவர் கிடைக்காத எங்கேயோ வேறு வேலைக்குப் போய்விட்டான். ஜெட்டி வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவிருந்த ஆட்டோவின் குறுக்கே போய் நின்றாள்.

"பையா, ஆட் நம்பர்! ஐஸ் ஃபேக்டரி! எம்புருஷன் செத்துருவாரு பையா!"

எட்டாம் கிலோமீட்டருக்கு இந்தியில் ஆட் நம்பர். பாதி இந்தி, பாதி தமிழ். வங்காளி டிரைவருக்கு எந்தப் பாதி புரிந்ததோ, உட்கார்ந்திருந்தவர்களை இறங்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். ஸ்ரீதரும் தொற்றிக்கொண்டான்.

எட்டாம் கிலோமீட்டர் அன்றைக்கு எட்ட மாட்டேன் என்றது. ரோட்டில் ஒரு மாடு, ஒரு லாரி, பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர். விஜயகுமாரி வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்து ஹட் பே பார்த்தது கிடையாது. ஷெட்யூல் சொன்னியா என்று கேட்டாரே, மனுஷன் அந்த ஒரு கேள்விதானே கேட்டார், சொன்னேன்னு அளந்தேனே பாவி, என்று உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தது. பூ மாதிரி இருக்குன்னு நாகராஜுப் பயலும் சொன்னானே. சாப்பாட்டைப் பற்றிக் கிண்டலடித்தேனே. ஐயனாரே, அந்த நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டாமா?

ஃபேக்டரி தெரிவதற்கு முன்னால் மிஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் நிம்மதி. இன்னும் ஆட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறதே என்று மறு நிமிஷம் பதைப்பு.

வாசலில் ஐஸ் பெட்டிகளோடு படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள். "என்ன அக்கா, ஐஸ் எப்ப?" என்று எவனோ கேட்டான். அவனைத் தாண்டி நேரே மெயின் சுவிட்ச் இருக்கிற தன் அறைக்கு ஓடினாள். கைப்பிடியில் கையையும் வைத்துவிட்டாள். அங்கேதான் நின்றாள். அந்த மிஷின் ஓடும்போது ஆடுகிற ஆட்டம் ஒன்றுமே இல்லை. திடீரென்று நிற்கும்போதுதான் கட்டடமே அதிர ஒரு உதறு உதறும். அந்த உதறலை லேசுப் பைப்பின் கழுத்து தாங்குமா? தாங்கினாலும், கரண்ட் போனால் தம்பையா என்ன செய்வான் என்று ஊருக்கே தெரியும். வழக்கமான பவர் கட் என்று நினைத்து, டேங்குக்குப் பக்கத்தில் கிடக்கிற ஸ்டூலில் போய்ச் சாவகாசமாக உட்கார்வான். புதுப் பைப் அவன் முகத்துக்கு நேரே இருக்கும்.

கையை எடுத்தாள். "தண்ணி ஹோஸை எடுத்து வாசலுக்கு இழுங்க தம்பி" என்று ஸ்ரீதரிடம் சொன்னாள். படகுக்காரர்களைப் பார்த்து, "எல்லாரும் காத்து வர்ற பக்கமா ஓடுங்கடா! கேஸ்! கேஸ்!" என்று கத்தினாள். அவர்கள் ஓடினார்கள். ஹோஸ் தண்ணீரில் முந்தானையை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மிஷின் ரூமுக்குள் போனாள்.

தம்பையா முதுகைக் காட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்து நின்றான். மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். லேசான நெடி வந்திருக்கும்போல. வால்வை ஒட்டி, மரை ஏறின இடத்தில், புதுப் பைப் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஏங்க!" என்றாள். கப்பல் சங்கு என்று ஊர் சொல்கிற குரல் அந்த இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. கிட்டே போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டான்.

பைப்பைக் காட்டினாள். பைப் மொத்தம் இல்லை, இவ்வளவூண்டுதான் என்று விரலிரண்டைக் குவித்துக் காட்டினாள்.

தம்பையா சிரித்தான். டீயா? அப்புறம் குடிக்கிறேன் என்று கையை ஆட்டினான்.

"ஐயோ, என் சாமி!" தலையில் அடித்துக்கொண்டாள். அவன் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். காதோடு வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "தண்ணி பைப்பு! அது தண்ணி பைப்பு! நான் ஷெட்யூல் சொல்லல!"

அவனுக்குக் கேட்டது. முகம் மாறியது. அவள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் வரவில்லை. வால்வை மூடாமல் வெளியே ஓடினால் டேங்கில் இருப்பதெல்லாம் வெளியே வரும். அப்புறம் இந்த ஃபேக்டரி மட்டுமா, எட்டாம் கிலோமீட்டரே மிஞ்சாது. இது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் இழுத்தாள். அவன் அவளை இரண்டு கையாலும் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினான். கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் கை வைக்காதவன் தள்ளின தள்ளில் ஈர மண்ணில் போய் விழுந்தாள்.

எழுந்து பார்த்தபோது அவன் குனிந்து வால்வுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த சக்கரம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அசைந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பட்டென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வெள்ளைப் புகை அவனை மூடிவிட்டது.

"தம்பி, அடிங்க! உள்ள அடிங்க!" என்று அலறினாள். ஸ்ரீதர் உறைந்துபோய் நின்றான். ஹோஸை அவன் கையிலிருந்து பிடுங்கி வாசலுக்குள் பீய்ச்சினாள். அந்தக் கேஸுக்குத் தண்ணீர் ஒன்றுதான் எதிரி, கிடைத்த கேஸையெல்லாம் தண்ணீர் குடித்துவிடும். கண் எரிந்தது, தொண்டை எரிந்தது, நிற்க முடியவில்லை. நின்றாள். "வாங்க! வெளிய வாங்க! சத்தம் வர்ற பக்கம் வாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மிஷின் இரைச்சலில் அது கேட்குமா, பாதிக் காதுக்கு எட்டுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஊர் கேலி பண்ணின அந்தக் குரலைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது?

புகை அதற்குமேல் கனக்கவில்லை. பிறகு மெல்ல அடங்குவது தெரிந்தது. வால்வு மூடிக்கொண்டுவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தரையில் தவழ்ந்தபடி, அவள் குரல் வந்த திசையில் தம்பையா வெளியே வந்தான். அவன்மேல் தண்ணீரைத் திருப்பினாள். இமையைப் பிதுக்கித் திறந்து கண்ணுக்குள்ளேயே விட்டாள். ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்ரீதர் ஓடிப்போய் மெயினை இறக்கினான். மிஷின் ஒரு உதறு உதறி நின்றது.

உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஹட் பே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நெஞ்சு தேறிவிடும். கண்ணைப் பற்றிக் கேட்டால், கட்டைப் பிரித்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். தண்ணீர் விட்டது நல்லது, இல்லாவிட்டால் அன்றைக்கே போயிருக்கும் என்றும் சொன்னார்கள். விஜயகுமாரி கட்டில் பக்கத்திலேயே கிடந்தாள். ஸ்ரீதர் வந்து பார்த்தான். வாசலிலேயே நின்று, "என் தப்புதான்க்கா, என்ன வேலைக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று சொல்லி அழுதுவிட்டுப் போனான்.

போர்ட் பிளேருக்குத் திரும்பிப் போனதும் அவனே போன் பண்ணினான். கேட்கப் பயந்துகொண்டே கேட்டான்: "எந்த ஷெட்யூல்க்கா?"

"எண்பது" என்றாள். "பைப்பு எண்பது. மரை வேணாம், இங்க வெல்டிங்தான். கப்பலு எப்ப வந்தாலும் பரவால்ல."

தீவில் எவரும் அதுவரை சொல்லாத வார்த்தை அது.

பைப் வந்து இறங்கியதும் ஜெட்டியிலேயே மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். நாகராஜை விட்டு ஓரத்தில் ஒரு துண்டு அறுக்கச் சொன்னாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தம்பையா கண்ணில் கட்டோடு படுத்திருந்தான். அவள் காலடிச் சத்தம் கேட்டதும், "பைப்பு வந்துடுச்சா?" என்றான்.

"வந்துடுச்சு."

"ஷெட்யூல் சொன்னியா?"

"சொன்னேன். எண்பது."

"நீ சொன்னா சரி புள்ள" என்றான் தம்பையா. எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னான். ஒரு குத்தல் இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. அந்தக் கண் திறந்தால் வெளிச்சம் இருக்குமா, இருட்டாக இருக்குமா என்று தெரியாமல் கிடக்கிற மனுஷன் சொன்னான்.

அவளால் தாங்க முடியவில்லை. "சரி இல்லீங்க" என்றாள். "சரியே இல்ல. இனிமே என் வாயை நம்பாதீங்க." பையிலிருந்து துண்டை எடுத்து, அவன் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை அந்த இரும்பின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். "தொட்டுப் பாருங்க. தொட்டுப் பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

தம்பையா விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினான். வெளியே தடவினான், உள்ளே தடவினான், இரண்டுக்கும் நடுவில் நகத்தை வைத்துப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கிறவரைக்கும் விஜயகுமாரி துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொத்தமா இருக்கு" என்றான்.